காலையில் திறந்த பாட்டில்

வண்டிக்காரன் பச்சியப்பனின் தாடையை இரண்டு கைகளாலும் முன்னால் இழுத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள் ரோசம்மாள். பிடியைத் தளர்த்தினால் நாக்கு தொண்டைக்குள் சரிந்து மூச்சு கொறகொறவென்று அடைத்தது. பிடித்தால் சீராக வந்தது. மத்தியானம் இரண்டு மணிக்குப் பிடித்த தாடை. தெருவுக்கு எதிர்ப்பக்கம் போலீஸ் ஸ்டேஷனில் இப்போதுதான் ஐந்து மணி அடித்து ஓய்ந்தது. அவள் விரல்கள் மரத்துப் போயிருந்தன.

செம்மேட்டுப்பட்டியில் ஊர் நிலமெல்லாம் வைத்திருந்த மிட்டாதார் நடத்தும் தர்ம ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கூட்டுகிற வேலை, கழுவுகிற வேலை. ஆபரேஷன் நாளில் மேஜைமேல் நோயாளியின் கால்களை அமுக்கிப் பிடிக்க வேண்டும். பிறகு மயக்கம் தெளியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பதினோரு வருஷமாக உட்காருகிறாள். செவ்வாயும் வெள்ளியும் ஆபரேஷன். நாளுக்கு மூன்று பேர்.

பச்சியப்பன் மாரண்டஹள்ளியிலிருந்து வந்தவன். குதிகாலில் முள் ஏறிச் சீழ் வைத்திருந்தது. டாக்டர் கீறி, பிதுக்கி, கட்டுப்போட்டு எழுந்திருக்க ஒரு வெற்றிலை மென்று துப்பும் நேரம்கூட ஆகவில்லை. அதே நாள் காலை எட்டு மணிக்கு வயிற்றைத் திறந்து தைத்துக்கொண்ட மண்டிக்காரர் ஒன்பதரைக்கே கண்ணைத் திறந்து, பத்தரைக்கு மகனைக் கூப்பிட்டுக் கடைச்சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டுவிட்டார்.

"ஏனுங்க அக்கா, காலைத்தானே அறுத்தாங்க? கழுத்தை இல்லியே?" என்றாள் பச்சியப்பனின் மனைவி முனியம்மாள். முந்தானையால் அவன் முகத்துக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

"வாயை வெச்சுக்கிட்டு சும்மா விசிறு. வந்துருவாரு."

ஐந்தரைக்குப் பச்சியப்பன் கண்ணைப் பாதி திறந்தான். தலையைத் திருப்பி ஒரு பக்கமாக வாந்தி எடுத்தான். மனைவியை உற்றுப் பார்த்தான். "ஹோய், செவலை. எடத்துல வா, எடத்துல வா," என்று மாட்டை ஓட்டுவதுபோல் நாக்கைச் சொடுக்கினான்.

"செவலையாம். கட்டிக்கிட்டு வந்து பதினெட்டு வருசத்துல இன்னிக்கித்தான் மனசுல இருக்கறதைச் சொல்றான்," என்றாள் முனியம்மாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த வழியாக வந்த டாக்டர் பச்சியப்பனின் இமையைத் தூக்கிப் பார்த்தார். நாற்பது வயது இருக்கும். வெள்ளைக் கால்சட்டை கசங்காது நடப்பவர். "குடிகாரன் உடம்பு. அதான் தெளிய இவ்வளவு நேரம்," என்றார்.

"குடியா? மதுவிலக்குன்னு கள்ளுக்கடையெல்லாம் சாத்தி ஆறு வருசம் ஆவுதுங்களே சாமி," என்றாள் முனியம்மாள்.

"கடையைச் சாத்தினா? காட்டுக்குள்ள சாராய அடுப்பையும் சாத்திட்டாங்களா?"

அவர் போய்விட்டார். ரோசம்மாள் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து பச்சியப்பன் கையில் கொடுத்தாள். அது அவளுடைய சோதனை. பெயரைக் கேட்டால் அரைத் தூக்கத்திலும் சொல்லிவிடுவார்கள். டம்ளரைச் சிந்தாமல் வாங்கி, சிந்தாமல் திருப்பிக் கொடுத்தால்தான் ஆள் முழுசாகத் திரும்பி வந்துவிட்டான் என்று பொருள். பச்சியப்பன் தண்ணீரைத் தன் மார்பிலேயே கவிழ்த்துக்கொண்டான். மணி ஏழாகும்வரை அவள் வீட்டுக்குப் போகவில்லை.

மறுநாள் காலை மருந்தறையில் கம்பவுண்டர் குப்புராஜ் பாட்டில்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். ரோசம்மாள் தரையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க கம்பவுண்டரே, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. போன மாசம் ஏரியூர் அம்மா சாயங்காலம் வரைக்கும் கெடந்துச்சு. அதுக்கு முந்தி கல் ஒடைக்கிற பெரியவரு விளக்கு வெக்கிறப்பதான் முழிச்சாரு. நேத்து வண்டிக்காரரு. மூணு பேரும் அன்னன்னிக்கி மூணாவதாப் போனவங்க. மூணாவதாப் போறவங்க அத்தினி பேரும் குடிகாரங்களா?"

குப்புராஜ் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டான். "உனக்கு எதுக்கு இதெல்லாம்?"

"தாடையைப் பிடிக்கிறது நான்தானே."

அவன் அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தான். தக்கையின் ஓரத்தில் மருந்து சொட்டுவதற்காக ஒரு வெட்டு இருந்தது. "இதுக்குள்ள மூணு மருந்து. ஸ்பிரிட்டு, குளோரபாரம், ஈதர். யுத்தத்துக்கு முந்தி ஈதர் தாராளமா வந்துச்சு, அப்பப்பக் கலக்கிக்குவோம். இப்ப மாசத்துக்கு எண்ணி ரெண்டு டின். அதனால காலையில ஏழரைக்கு ஒரு பாட்டில் கலக்கறேன். அன்னிக்கு மூணு பேருக்கும் அதேதான்."

"அப்ப மூணு பேருக்கும் ஒரே மருந்துதானே?"

"ஏழரை மணிக்கு ஒரே மருந்து. ஈதர் நிக்காது, ரோசம்மா. உள்ளங்கையில விட்டா ஊதறதுக்குள்ள காணாமப் போயிரும். இந்தச் சித்திரை வெயில்ல, திறந்த பாட்டில்ல, மத்தியானம் வரைக்கும் இருக்குமா? முதல்ல அது பறந்துரும். அடியில மிஞ்சறது குளோரபாரமும் ஸ்பிரிட்டும். அதை மோந்தா மாடுகூட நாலு மணி நேரம் எந்திரிக்காது."

ரோசம்மாள் துணியைப் பிழிய மறந்து நின்றாள். "டாக்டரய்யாவுக்கு இது தெரியுமா?"

"நான் கலக்கறேன், அவரு அறுக்கறாரு. அவரு கேக்கல, நான் சொல்லல. நீயும் வாளியைத் தூக்கிக்கிட்டுப் போ."

அவருக்குத் தெரியாது என்று ரோசம்மாள் முடிவு கட்டிக்கொண்டாள். போன வருஷம் காலரா வந்தபோது தெருத்தெருவாக அலைந்து ஊசி போட்ட மனுஷன். தெரிந்தால் விடுவாரா? யாராவது எடுத்துச் சொன்னால் போதும்.

அன்றைக்குப் பகலில் வத்தல்மலையிலிருந்து கரியனும் அவன் மனைவி கருப்பியும் நடந்தே வந்து சேர்ந்தார்கள். புளி உலுக்க மரமேறினவன் கிளையோடு கீழே வந்துவிட்டான். இடது முன்கை முறிந்தது. மலையிலேயே பச்சை மூங்கில் தப்பை வைத்து இறுக்கிக் கட்டி எட்டு நாளாகியிருந்தது. கட்டுக்கு மேலே முழங்கை பூசணிக்காய் மாதிரி வீங்கிப் பளபளத்தது. கட்டுக்குக் கீழே விரல்கள் கறுத்துக்கொண்டு வந்தன.

டாக்டர் மூக்கைச் சுளித்தார். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கையையே எடுக்கணும். வெள்ளிக்கிழமை கீறிச் சீழை எடுத்து எலும்பைச் சேர்க்கலாம். மூணாவது ஆளா எழுது."

"சாமி, கை நிக்குமுங்களா?" என்றான் கரியன். "தை வந்தா சாமை அறுக்கணும். இவ ஒருத்தியா அறுத்தா காடு சிரிக்கும்."

"ஒங்க கையி நல்லா இருந்தப்பவும் நாந்தானே அறுத்தேன்," என்றாள் கருப்பி.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தின் கடைசியில் அவர்கள் சாக்கை விரித்துக்கொண்டார்கள். ராத்திரி முழுக்க அவன் முனகினான். விடிந்ததும் ரோசம்மாள் டாக்டருடைய மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"அய்யா, நாளைக்கு அந்த மலைக்காரரை முதல்ல எடுத்துக்கிட்டா புண்ணியமாப் போவுமுங்க."

"ஏன்?"

"மூணாவது ஆளுங்களுக்கு மயக்கம் தெளிய ரொம்ப நேரம் ஆவுதுங்க. பாட்டில் வெயில்ல கெடந்து..."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "உனக்கு யார் சொன்னது?"

குப்புராஜின் பெயரைச் சொல்லக்கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. "யாரும் சொல்லலீங்க. பக்கத்துல உட்கார்ந்திருக்கறதால படுதுங்க."

"உட்கார்ந்திருக்கறதோட நிறுத்திக்கோ. நாளைக்கு முதல் ஆள் மிட்டாதார் மச்சினர். முதுகுல கட்டி. ரெண்டாவது அந்தப் பாலக்கோட்டுப் பொம்பளை. போய் அறையைக் கழுவு."

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்குக் குப்புராஜ் மருந்தைக் கலக்கிப் பாட்டிலை ஆபரேஷன் அறை ஜன்னலோர அலமாரியில் வைத்தான். எட்டு மணிக்கு மிட்டாதார் வீட்டுக் காரியஸ்தர் சைக்கிளில் வந்து இறங்கினார். எஜமானின் மச்சினருக்குச் சந்திராஷ்டமமாம். உச்சிப்பொழுதுக்குத்தான் கழிகிறதாம். அதற்குமேல்தான் கத்தி வைக்கலாமாம்.

ரோசம்மாளுக்குக் கரியனே கோவிலுக்கு வேண்டிக்கொண்டு கிரகத்தைத் திருப்பிவிட்ட மாதிரி இருந்தது. பாலக்கோட்டுப் பெண்ணுக்கு எட்டரைக்குத் தொடங்கி ஒன்பதே காலுக்கு முடிந்தது. அவள் பத்தரைக்குள் எழுந்து தண்ணீர் கேட்டாள். அதற்கு முன்னாலேயே ரோசம்மாள் கரியனைக் கைத்தாங்கலாக ஆபரேஷன் அறை வாசலுக்குக் கூட்டி வந்திருந்தாள்.

"யார் இவனைக் கொண்டுவரச் சொன்னது?" என்றார் டாக்டர்.

"மேஜை சும்மாத்தானே இருக்குதுங்க அய்யா."

"இருக்கட்டும். மிட்டாதார் வீட்டுல சொல்லி அனுப்பியிருக்காங்க. சீழும் சலமுமா இன்னொருத்தன் படுத்து எழுந்த மேஜையில அவர் படுக்கமாட்டார். பினாயில் போட்டு ரெண்டு தடவை கழுவு. அவர் வந்து போறவரைக்கும் யாரும் உள்ளே வரக்கூடாது."

அவள் கழுவினாள். கழுவிய மேஜை வெறுமையாகக் கிடந்தது. பத்து மணி அடித்தது. பதினொன்று அடித்தது. ஜன்னல் வழியாக வந்த வெயில் தரையில் நகர்ந்து ஜன்னலோரம் ஒதுங்கி அலமாரியைத் தொட்டது. பாட்டிலுக்குப் பக்கத்தில் போனால் இனிப்பாக, தலையைச் சுற்றுகிற மாதிரி நெடி அடித்தது. ரோசம்மாள் தக்கையை அழுத்திவிட்டுப் பார்த்தாள். அதில்தான் வெட்டு இருந்ததே. ஈரத்துணியைச் சுற்றி நிழலுக்கு நகர்த்தி வைத்தாள். சற்று நேரம் கழித்து வந்து பார்த்தபோது யாரோ துணியை எடுத்துவிட்டுப் பழைய இடத்திலேயே வைத்திருந்தார்கள்.

தாழ்வாரத்தில் கரியனின் முனகல் அலறலாகிவிட்டிருந்தது. முந்தின ராத்திரியிலிருந்து பட்டினி. தண்ணீர்கூடத் தரக்கூடாது என்று உத்தரவு.

"பெரிய மனுஷங்க வர்ற நேரம்," என்றார் டாக்டர். "குப்புராஜ், அவனுக்கு ஒரு மார்பியா ஊசி போட்டு அமுக்கு."

பன்னிரண்டே காலுக்கு மிட்டாதாரின் மோட்டார் வந்தது. பின்னால் இரண்டு கூண்டு வண்டிகளில் பெண்டுகள், சமையல்காரர், பாத்திரங்கள். மச்சினர் பட்டுத் துண்டும் சந்தனமுமாக இறங்கி, தானாகவே நடந்து வந்து மேஜையில் குப்புறப் படுத்தார். எலுமிச்சம்பழம் அளவு கட்டி.

குப்புராஜ் அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்தான். டாக்டர் கையை நீட்டித் தடுத்தார்.

"காலையில திறந்ததா அது? அதை வை. புது டின்னை உடைச்சுக் கலக்கு. இந்த வெயிலுக்கு அதுல ஈதர் எங்கே மிச்சம் இருக்கப்போகுது? வெறும் குளோரபாரமும் ஸ்பிரிட்டும்தான். பெரிய இடம், விளையாட்டா?"

மூலையில் வாளிக்குள் கைவிட்டுக் கொண்டிருந்த ரோசம்மாள் நிமிரவில்லை. தண்ணீருக்குள் அவள் கை அப்படியே நின்றது. ஏரியூர் அம்மா, கல் உடைக்கிற பெரியவர், வண்டிக்காரர் என்று ஒவ்வொரு தாடையாக அந்தக் கைக்குள் வந்து போயிற்று.

மயக்க மருந்து முகமூடியை எடுத்த கால் மணியில் மச்சினர் கண் திறந்தார். அரை மணியில் வெற்றிலைப் பெட்டி எங்கே என்றார். ரோசம்மாள் டம்ளரை நீட்டியபோது ஒரு சொட்டுச் சிந்தாமல் வாங்கி, "பித்தளை டம்ளர்லயா கொடுப்பே? வெள்ளி டம்ளர் வண்டியில இருக்கு," என்றார்.

ஒன்றே காலுக்குக் கரியனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஊசியின் போதையில் கண் செருகிக் கிடந்தான். குப்புராஜ் எதுவும் கேட்காமல் புதுப் பாட்டிலை எடுத்தான்.

"அதை மூடி வை," என்றார் டாக்டர். "நாளன்னிக்குக் கட்டுப் பிரிக்கும்போது அவருக்கு வலிக்கும், வேணும். காலையில திறந்தது அரைப் பாட்டில் இருக்கில்ல? இவனுக்கு அதையே சொட்டு."

"அய்யா," என்றாள் ரோசம்மாள். "இவருக்கு ஊசி வேற போட்டிருக்குதுங்க. அதுக்கு மேல அந்த மருந்தும் சேர்ந்தா..."

"காலைப் பிடி, ரோசம்மா."

அவள் பிடித்தாள். காய்ப்புக் காய்த்து வெடித்த பாதங்கள். பத்துச் சொட்டு விழுவதற்குள் அவை அவள் கைகளில் தளர்ந்து போயின. டாக்டர் நல்ல வேலைக்காரர், அதில் குறை சொல்ல முடியாது. சீழை வழித்து, எலும்புச் சில்லை எடுத்து, முறிந்ததைச் சேர்த்துத் தப்பை வைத்துக் கட்டினார். கை பிழைத்துவிட்டது என்றார்.

இரண்டு மணியிலிருந்து ரோசம்மாள் தாடையைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் உட்கார்ந்தாள். மூச்சு எண்ணிவிடலாம் போல மெதுவாக வந்தது. இரண்டு தடவை நின்றே போயிற்று. அவள் கன்னத்தில் அறைந்து, மார்பைத் தேய்த்துத் திரும்ப வரவழைத்தாள். கருப்பி அவன் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அழவில்லை. "மரத்துல இருந்து விழுந்தன்னிக்கிக்கூடப் பேசிக்கிட்டேதான் விழுந்தாரு," என்றாள்.

நாலே காலுக்கு ஒரு கண் திறந்தது. அதே சமயம் மச்சினரின் சமையல்காரர் தாழ்வாரத்தின் கடைசிக்கு அடுப்புக் கற்களைச் சுமந்துகொண்டு வந்து நின்றார். பின்னாலேயே டாக்டர்.

"கண்ணைத் திறந்துட்டான் இல்ல? உன் பேர் என்னடா?"

"க... கரியன்."

"பேர் சொல்லிட்டான். அனுப்பிவிடு. இங்கே அவங்க சமைக்கணும். செவ்வாய்க்கிழமை கட்டு மாத்திக்க வரட்டும்."

ரோசம்மாள் டம்ளரை எடுத்து அவர் பார்க்கும்படியாகக் கரியன் கையில் வைத்தாள். டம்ளர் உருண்டு சமையல்காரர் காலடியில் போய் நின்றது.

"பாருங்க அய்யா, ஆள் இன்னும் வரலீங்க. ராத்திரி ஒரு பொழுது மூலையில கெடக்கட்டுமுங்க."

"மூலைதானே இப்ப வேணும்? வைத்தியம் பண்றது நானா, நீயா?"

ஸ்டேஷன் மணி நாலரை ஆகியிருந்தது. ரோசம்மாளும் கருப்பியும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி அவனைத் தெருவுக்கு இறக்கினார்கள். "சந்தைப்பேட்டைக் கொட்டகையில படுக்க வை. தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சு வை. பாத்திரத்தைக் கழுவிட்டு ஓடியாந்துர்றேன்," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே ஓடினாள். சமையல்காரர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவள் ஆறு மணிக்கு வெளியே வருவதற்கு முன்னாலேயே கருப்பி ஓடி வந்தாள். கூந்தல் அவிழ்ந்திருந்தது.

"அக்கா, புடிச்சுக்கிட்டாங்க. எங்க வூட்டுக்காரரைப் போலீசுல புடிச்சுக்கிட்டாங்க."

கொட்டகையை எட்டுவதற்குள் கரியன் அவள் பிடியை உதறிக்கொண்டானாம். சந்தைத் தெருவில் தள்ளாடித் தள்ளாடி நடந்தானாம். சாமைக் காட்டில் கிளி இறங்கிவிட்டது என்று கத்திக்கொண்டு ஜவுளிக்கடைக்காரர் மேல் மண்ணை வாரி வீசினானாம். வாந்தி எடுத்தானாம். ஏட்டு மாதப்பன் வந்து அவன் வாயருகே மூக்கை வைத்துப் பார்த்தாராம்.

ஸ்டேஷனில் மாதப்பன் ஏற்கனவே எழுதத் தொடங்கியிருந்தார். உள்ளே கம்பிக்குப் பின்னால் கரியன் சுவரில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு கிடந்தான்.

"ஏட்டய்யா, அவரு குடிக்கலீங்க. மூணு நாளா எங்க ஆஸ்பத்திரியிலதான் கெடந்தாரு. இன்னிக்கி மத்தியானம் ஆபரேசன். அது மயக்க மருந்துங்க," என்றாள் ரோசம்மாள்.

"எனக்கு மூக்கு இருக்கு, ரோசம்மா. ஸ்பிரிட்டு வாசனை எனக்குத் தெரியாதா? ஆறு வருசமா இதே வேலை. போன மாசம் மூணு கேஸ்தான் புடிச்சேன்னு சப்-இன்ஸ்பெக்டர் என்னை நிக்க வெச்சுக் கேட்டாரு."

"மருந்துலயே ஸ்பிரிட்டு இருக்குதுங்க."

"நீ சொன்னா நான் எழுத முடியுமா? மலையில காய்ச்சறாங்கன்னு ஊருக்கே தெரியும். நான் என்ன கல்லா? டாக்டர்கிட்ட ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வா. மருந்துனால வந்த தள்ளாட்டம்னு ஒரு வரி. இப்பவே கதவைத் திறந்து விடறேன். அது வர்ற வரைக்கும் நோயாளின்னே எழுதி வெக்கறேன், இல்லேன்னா குடிச்ச கேஸுல எதிரின்னுதான் எழுதணும்."

ரோசம்மாள் ஓடினாள். மச்சினரின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு டாக்டர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவள் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். ஒரு வரி போதுமாம், அய்யா எழுதினால் விட்டுவிடுவார்களாம் என்றாள்.

மச்சினருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதுகு வலித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டார். "என்ன டாக்டர், மயக்கம் தெளியாத ஆளைத் தெருவுல விட்டுட்டீங்களா? ஆஸ்பத்திரிக் கமிட்டியில யாராவது கேட்டா என்ன சொல்றது?"

டாக்டர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "சேச்சே. தெளிஞ்சு பேர் சொன்ன பிறகுதான் அனுப்பினது." ரோசம்மாளிடம் திரும்பினார். "என்ன சர்ட்டிபிகேட்தானே? எழுதித் தர்றேன், இரு."

அவர் உடனே எழுதினார். இங்கிலீஷில் ஆறேழு வரி. ஊதி மையைக் காயவைத்து, மடித்துக் கொடுத்தார். அவள் இரண்டு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எது எப்படியிருந்தாலும், கேட்டதும் கொடுத்துவிட்டாரே. தெருவைக் கடக்கும்போது காகிதம் வியர்வையில் நனைந்துவிடக் கூடாது என்று நுனியில் பிடித்துக்கொண்டு போனாள்.

"எந்திரி கருப்பி, எல்லாம் ஆச்சு," என்று வாசலிலேயே சொன்னாள்.

மாதப்பன் லாந்தரை இழுத்து வைத்துக்கொண்டு படித்தார். ஒரு தடவை படித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பிறகு தலையைத் தூக்காமல் தமிழில் சொன்னார்.

"இந்த ஆளுக்கு இன்னிக்கி மத்தியானம் மயக்க மருந்து கொடுத்தது நிசம். அது அதிகமாப் போனா ஒரு மணி நேரத்துல தெளிஞ்சுரும். இதே நாள், இதே மருந்து கொடுத்த இன்னொரு நோயாளி, பேரு போட்டிருக்காரு, மிட்டாதார் மச்சினர், அரை மணி நேரத்துல பூரணமாத் தெளிஞ்சுட்டாரு. அதனால, சாயங்காலம் அஞ்சு மணிக்கு இவன்கிட்ட இருந்த தள்ளாட்டத்துக்கும் நெடிக்கும் ஆஸ்பத்திரி மருந்து காரணமா இருக்க முடியாது."

ரோசம்மாள் மேஜைக்கு அருகே வந்தாள்.

"அதே மருந்து இல்லீங்க, ஏட்டய்யா. அவருக்குப் புதுப் பாட்டில். இவருக்குக் காலையில திறந்தது. ஊசி வேற. ரெண்டு மணி நேரத்துக்கு மேல இந்தத் தாடையை நான் புடிச்சிருந்தேனுங்க. என் கண்ணால பார்த்தது. கம்பவுண்டரைக் கூப்பிட்டுக் கேளுங்க."

"கம்பவுண்டர் டாக்டருக்கு எதிராச் சொல்வானா?"

அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது.

"இதுல கையெழுத்து இருக்கு, முத்திரை இருக்கு," என்றார் மாதப்பன். அவர் குரலில் கடுமை இல்லை. "இது இல்லாம நீ சும்மா வந்து அழுதிருந்தாக்கூட, சந்தேகம்னு சொல்லி விடியறப்ப விட்டிருப்பேன். இப்ப முடியாது. காகிதம் வந்துருச்சு. நீயேதான் கொண்டாந்து குடுத்தே."

அவர் காகிதத்தை ஒரு குத்தூசியில் கோத்தார். கருப்பி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அக்கா, விட்டுருவாங்கன்னியே? செவ்வாய்க்கிழமை கட்டு மாத்தணுமே? சீழு வெச்சா கையை எடுக்கணும்னாரே?"

ரோசம்மாள் கம்பிக்கு அருகே போய் உட்கார்ந்தாள். பழக்கத்தில் அவள் கை உள்ளே நீண்டு கரியனின் தாடையைத் தொட்டது. மூச்சு இப்போது நன்றாக வந்தது. தொட்டதும் அவன் கண்ணைத் திறந்தான். இந்தத் தடவை இரண்டு கண்களும் ஒரே இடத்தைப் பார்த்தன. மெல்ல எழுந்து உட்கார்ந்தான். சுவரையும் லாந்தரையும் மேஜைக்குப் பின்னால் எழுதிக்கொண்டிருந்த ஆளையும் பார்த்தான். கம்பிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்ததும் முகம் தெளிந்தது.

"ரொம்ப நேரம் தூங்கிட்டனா, கருப்பி? எழுப்பியிருக்கக் கூடாது? வயிறு காந்துது."

கருப்பி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அவன் எழுந்து நின்றான். தள்ளாடவில்லை. கட்டுப்போட்ட இடது கையை வலது கையால் தாங்கி, அலுங்காமல், கம்பிகளுக்கு நடுவே மேஜையின் பக்கமாக நீட்டினான்.

"சாமி, நேத்து ராத்திரியில இருந்து பச்சைத் தண்ணி குடிக்கலீங்க. நம்ம முறை இன்னும் வரலீங்களா?"

மாதப்பன் பேனாவை மையில் தோய்த்து, நோயாளி என்று எழுதியிருந்த இடத்தை அடித்துவிட்டு, எதிரி என்று எழுதினார்.